பாலுண்ணியா, ஆணியா, வேறேதுமா? மேல்தோலைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் விதம்

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தாய் கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வயது மகனுக்குச் சுட்டுவிரலில் சொரசொரப்பாக இரண்டு முளைத்திருக்கின்றன. அதே பிள்ளையின் குதிக்காலில் கறுப்புப் புள்ளிகளோடு தட்டையாக ஒன்று. மாமியின் கழுத்தைச் சுற்றி மிளகளவில் தொங்குபவை நிறைய. மீன் வாடியில் வேலை செய்யும் கணவரின் விரலிலும் ஒரு தடிப்பு, ஒன்றரை மாதமாக ஆறவில்லை. "எல்லாம் பாலுண்ணிதான், ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டியிருக்கிறது என்று அயலில் சொல்கிறார்கள். பார்த்தே கண்டுபிடிக்க வழி உண்டா? பிள்ளையைக் கடலில் குளிக்க விடலாமா?"

நீங்கள் எழுதியிருக்கும் விதத்தை வைத்துப் பார்த்தால் நாலும் ஒன்றல்ல. பிள்ளையின் விரலில் இருப்பது அநேகமாக மரு, அதாவது நீங்கள் சொல்லும் பாலுண்ணிதான். காலில் இருப்பதும் மருவாக இருக்கவே வாய்ப்புக் கூட, ஆனால் கடற்கரைப் பிள்ளை என்பதால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மாமியுடையது மரு அல்ல. இந்த நாலில் வைத்தியரிடம் உடனே காட்ட வேண்டியது உங்கள் கணவரின் விரல். ஏனென்று பின்னால் சொல்கிறேன்.

மரு என்பது மனித பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி., தோலில் உண்டாக்கும் வளர்ச்சி. இந்த வைரஸில் 200க்கு மேற்பட்ட வகைகள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. கைக்கு ஒரு வகை, உள்ளங்காலுக்கு ஒரு வகை, பிறப்புறுப்புக்கு வேறு வகை என்று பெரும்பாலும் தனக்குப் பிடித்த இடத்திலேயே அது குடியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத சின்னக் கீறல் வழியாக உள்ளே போய், மேல்தோலின் அடி வரிசையில் இருக்கும் கலங்களைப் பிடித்து, அளவுக்கு மீறித் தோல் உற்பத்தி செய்ய வைக்கிறது. தொற்றிய பிறகு வெளியே தெரிய ஒன்றிலிருந்து ஆறு மாதம் வரை ஆகலாம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அதனால் "ஆரிடமிருந்து வந்தது" என்று வீட்டில் விசாரணை வைப்பதில் பிரயோசனம் இல்லை.

பார்க்கும்போது பெரும்பாலானவர்கள் எவ்வளவு உயரம், என்ன நிறம் என்றுதான் கவனிக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது தோலின் ரேகையை. விரலிலும் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மெல்லிய கோடுகள் ஓடுவது எல்லாருக்கும் தெரியும். மரு இருக்கும் இடத்தில் அந்தக் கோடு அறுந்துவிடும். கோடு மருவின் விளிம்பு வரை வந்து விலகி, சுற்றிப் போவது தெரியும், மேலேறிப் போகாது. வெறும் காய்ப்பு என்றால் கோடு தடித்த தோலின் மேலாகவே தொடர்ந்து ஓடும். உள்ளங்கையிலும் காலிலும் இந்த ஒரு சோதனை பாதிச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

இதை வீட்டிலேயே செய்யலாம். பிள்ளை குளித்து வந்தவுடன், தோல் ஊறி மெதுவாக இருக்கும்போது, வாசலடி வெளிச்சத்தில் இருத்துங்கள். காலை துவாயால் துடைத்துவிட்டு, கைப்பேசிக் கமராவைப் பெரிதாக்கிப் பிடியுங்கள். டோர்ச்சை நேர்மேலே அடிக்காமல் பக்கவாட்டிலிருந்து சரித்து அடித்தால் கோடுகள் எழும்பித் தெரியும். அப்புறம் புள்ளிகளைத் தேடுங்கள். மருவுக்குள் குண்டூசி முனையளவில் கறுப்பாகவோ கபில நிறமாகவோ புள்ளிகள் இருக்கும். அவற்றை மருவின் வேர் என்று நினைத்து ஊசியால் கிண்டுகிறவர்கள் இங்கே எத்தனையோ பேர். மருவுக்கு வேரே கிடையாது, அது மேல்தோலோடு நின்றுவிடுகிற ஒன்று. அந்தப் புள்ளிகள், மருவுக்குள் நீண்டு வளர்ந்த நுண்ணிய இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைந்து நிற்பவை. கிண்டினால் இரத்தம் வரும், வைரஸ் பக்கத்துத் தோலிலும் பரவும், சிலவேளை சீழும் பிடிக்கும்.

இனி வடிவத்துக்கு வருவோம். பிள்ளையின் விரலில் இருப்பது சாதாரண மரு. ஒரு மில்லிமீற்றரில் தொடங்கி ஒரு சென்டிமீற்றர், சிலவேளை அதற்கு மேலும் வரும். மேற்பரப்பு நுனி நுனியாகப் பிரிந்து கரடுமுரடாக இருக்கும், நகத்தால் தடவினால் சரசரக்கும். நம்முடைய நிறத்தில் அது தோல் நிறமாகவோ, சாம்பல் கலந்த கபிலமாகவோதான் தெரியும். வெளிநாட்டுப் படங்களில் காட்டுகிற இளஞ்சிவப்பைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். விரல், புறங்கை, முழங்கால் இதற்குப் பிடித்த இடங்கள். நகம் கடிக்கிற பிள்ளைகளுக்கு நகத்தைச் சுற்றி வரும், அது வெடித்து நோகும், நகத்துக்குக் கீழே புகுந்தால் நகத்தையே தூக்கும். உங்கள் மகன் நகம் கடிக்கிறவரா என்று பாருங்கள். கடித்தால் உதட்டுக்கும் போகலாம்.

முகத்தில் வருபவை வேறு தோற்றம். ஒன்று, இமையிலோ மூக்கோரத்திலோ உதட்டோரத்திலோ நூல் நூலாக, முள்ளுப்போல நீட்டிக்கொண்டு நிற்கும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். மற்றது தட்டை மரு. ஒன்று முதல் ஐந்து மில்லிமீற்றர், மேலே வழுவழுப்பு, தோலிலிருந்து அதிகம் எழும்பாது, ஒன்றிரண்டாக வராமல் பத்து இருபதாக வரும். பரு என்று நினைத்து முகப்பருக் கிரீம் பூசுவார்கள். தட்டை மருவின் அடையாளம், கீறல் போன வழியே வரிசையாக முளைப்பது. முகச்சவரம் செய்யும் ஆண்களுக்குத் தாடைப் பக்கத்தில் சவரக்கத்தி போன பாதையிலேயே பரவியிருக்கும். சலூனில் பிளேட் மாற்றச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, குதிக்கால். உள்ளங்காலில் வரும் மரு வெளியே வளர இடமில்லாமல், உடல் பாரத்தால் அமுங்கி உள்நோக்கிப் போகும். அதனால் வெளியில் தட்டையாக, சுற்றிவரக் காய்ப்போடு தெரியும். இதைத்தான் கால் ஆணியோடு எல்லாரும் குழப்புகிறார்கள். மருந்துக்கடைக்காரரும் பல நேரம் பார்க்காமலே ஆணிப் பிளாஸ்டரை எடுத்துத் தருவார். ஆணி, எலும்பு தள்ளுகிற இடத்திலோ செருப்பு அழுத்துகிற இடத்திலோ வரும். நடுவில் கண்ணாடி போல ஒரு கெட்டியான கரு இருக்கும். கறுப்புப் புள்ளி இராது. நேராக மேலிருந்து அழுத்தினால் ஆணி நோகும். இரண்டு விரலால் பக்கவாட்டில் பிடித்து நசித்தால் மரு நோகும். இந்தச் சோதனை நூற்றுக்கு நூறு பிடிக்கும் என்று சொல்லமாட்டேன், ஆனால் ரேகையும் புள்ளியும் சேர்ந்து ஒத்துவந்தால் சந்தேகத்துக்கு இடம் குறைவு. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஆணி வருவதும் அபூர்வம். வைத்தியர் மேல்தோலை மெல்லச் சீவிப் பார்ப்பார்: மரு என்றால் குண்டூசி முனை போல இரத்தப் பொட்டுகள் கசியும், ஆணி என்றால் கரு தெரியும். இதை வீட்டில் பிளேட்டால் செய்து பார்க்க வேண்டாம். சிலருக்குச் சின்னச் சின்ன மருக்கள் நெருங்கிச் சேர்ந்து, ஒரு பெரிய படையாக உள்ளங்காலை மூடும். அதை ஆறப்போட்டால் வைத்தியமும் நீளும்.

கடற்கரைப் பிள்ளை என்றேனே, காரணம் இதுதான். நிலாவெளியிலும் புறாத்தீவைச் சுற்றியும் கல்லும் முருகைக் கல்லுமான கடலில் இறங்குகிற பிள்ளைகள் கடல் முள்ளெலியை மிதித்துவிடுவதுண்டு. அதன் முள் சட்டென்று முறிந்து தோலுக்குள் தங்கும். முள்ளோ அதன் சாயமோ கறுப்புப் புள்ளியாகத் தெரியும். சில கிழமை கழித்து அதைச் சுற்றித் தோல் தடித்து, பார்க்க அசல் மரு போலவே ஆகிவிடும். வித்தியாசம் கதையில் இருக்கிறது. முள் என்றால் ஒரு நாள் மிதித்து அலறியது பிள்ளைக்கு ஞாபகம் இருக்கும், புள்ளிகளும் அன்றே வந்திருக்கும். மரு என்றால் எப்போது வந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. மகனிடம் கேளுங்கள்.

மாமியின் கழுத்தில் இருப்பதற்குத் தோல் தொங்கல் என்று சொல்லலாம். மெதுவாக இருக்கும், மெல்லிய காம்பில் தொங்கும், விரலால் அசைத்தால் ஆடும், மேலே சொரசொரப்பு இராது. கழுத்து, அக்குள், மார்புக்குக் கீழே, தொடை இடுக்கு, அதாவது தோலோடு தோல் உராயும் இடங்கள். இது ஒட்டாது. மாமியிடமிருந்து பேரனுக்கு வரவில்லை, அவரைத் தனிக் கட்டிலில் படுக்க வைக்கத் தேவையில்லை. ஒன்று மட்டும்: கழுத்துத் தொங்கல் நிறைய உள்ளவர்களில் உடம்பு கூடியவர்களும் சீனி வருத்தம் உள்ளவர்களும் அதிகம். கழுத்து மடிப்பு கறுத்துத் தடித்தும் இருந்தால், இரத்தத்தில் சீனி பார்த்து ஒரு வருடம் ஆகியிருந்தால், இதைச் சாட்டாக வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வயதானவர்களின் முகம், மார்பு, முதுகில் வரும் கறுப்பு அல்லது கபிலத் தடிப்பும் மரு அல்ல. உருகிய மெழுகு சொட்டி ஒட்டியது போல, சுரண்டினால் கழன்றுவிடும் என்று தோன்றும். கன்னத்திலும் கண்ணுக்குக் கீழும் கறுப்புப் பொட்டுகளாகப் பெருகுவதும் இந்தக் குடும்பம்தான். கறுத்த தோலில் இது மிகச் சாதாரணம், அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வரும். அழகுக்காக எடுக்கலாம், வைத்தியத்துக்காக எடுக்கத் தேவையில்லை.

பிள்ளைகளில் இன்னொரு குழப்பம், முத்துப் போல மினுங்கி, உருண்டு, நடுவில் குழி விழுந்த சின்னப் பருக்கள். அதை உண்டாக்குவது வேறொரு வைரஸ், அம்மை வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. குழி இருந்தால் மரு அல்ல. நசித்து உள்ளிருக்கும் வெள்ளையை எடுக்காதீர்கள், அதுதான் பரவும் வழி. பெரும்பாலும் தானாகவே போய்விடும்.

இப்போது உங்கள் கணவர். ஈரக் கையோடு வேலை செய்து, மீன் முள்ளும் செதிலும் கீறிக்கொண்டிருப்பவர்களுக்குக் கையில் மரு கூட வருவது தெரிந்த விஷயம். இறைச்சி வெட்டுபவர்களிடம் எச்.பி.வி. 7 என்ற வகை தனியாகவே பதிவாகியிருக்கிறது. வைரஸ் மீனிலிருந்தோ மாட்டிலிருந்தோ வருவதில்லை, மனிதத் தோலுக்கே உரியது. ஊறிக் கீறிய தோல் அதற்குக் கதவைத் திறந்துவிடுகிறது, அவ்வளவுதான். ஆகவே அவருடையதும் மருவாக இருக்கலாம். ஆனால் "தடிப்பு, ஆறவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். மருவைப் பற்றி யாரும் "ஆறவில்லை" என்று சொல்வதில்லை, ஏனென்றால் அது புண் அல்ல. மீன் முள் குத்திய இடத்தில் இரண்டு மூன்று கிழமை கழித்துச் செங்கபிலமாக ஒரு கட்டி எழும்பி, மேலே மரு மாதிரித் தடித்து, சிலவேளை உடைந்து கசிந்து, மாதக்கணக்கில் நிற்கிற ஒரு தொற்று உண்டு. காசநோய்க் கிருமியின் கடல்வாழ் உறவுக்காரன் ஒன்று அதற்குக் காரணம். அது விரலிலிருந்து மணிக்கட்டு, முழங்கை நோக்கி வரிசையாகக் கட்டிகளை விடலாம். சாதாரண அன்டிபயோட்டிக் ஐந்து நாள் போட்டு மாறாது. தோலில் சிறு துண்டு எடுத்துப் பார்த்து, மாதக்கணக்கில் மருந்து எடுக்க வேண்டிவரும். முள் குத்தியதா என்று அவரிடம் கேளுங்கள். கையை உயர்த்தி உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். வைத்தியரிடம் போகும்போது "மீன் வாடியில் வேலை" என்பதை அவர் கேட்க முதலே சொல்லச் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையில் நோய் பிடிபட்டுவிடலாம்.

இதை வாசிப்பவர்களில் கந்தளாய், மொறவெவ, கோமரங்கடவலப் பக்கம் காட்டோரமாக இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. முகத்திலோ கையிலோ காலிலோ, உடுப்பு மூடாத இடத்தில், நோவும் கடியும் இல்லாத ஒரு பரு மெல்லப் பெருத்து, நடுவில் உடைந்து பொருக்குக் கட்டினால் அதை மரு என்று விட்டுவிடாதீர்கள். மணல் ஈ கடித்துப் பரவும் லீஷ்மேனியாசிஸ் நம் நாட்டின் உலர் வலயத்தில் இருக்கிறது. அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் நிறையக் காணப்படுகிறது. 2008 முதல் அது சுகாதாரத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டிய நோய். மருந்து உண்டு.

பயப்பட வேண்டியது எது என்று கேட்டால், ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக ஒற்றையாக முளைத்து வேகமாக வளரும் "மரு", தொட்டாலே இரத்தம் கசிவது, நடுவில் புண் விழுவது. இன்னொன்று உள்ளங்காலிலும் நகத்துக்குக் கீழும் வரும் கறுப்பு. மருவின் கறுப்பு தனித்தனிப் புள்ளியாக நிற்கும். மை சிந்தியது மாதிரி ஒழுங்கில்லாத விளிம்போடு பரவினால், அல்லது நகத்தில் புதிதாகக் கறுப்புக் கோடு விழுந்து அகன்று போனால், தோல் புற்றுநோயான மெலனோமாவை விலக்கியே ஆக வேண்டும். கறுத்த தோலுக்கு அது வராது என்பது பிழை. நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்கு வெயில் படும் இடத்தைவிட உள்ளங்காலிலும் நகத்திலும்தான் வரும். பாடகர் பொப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில் 1977இல் கண்டுபிடிக்கப்பட்டது இதுதான். பந்தடித்துப் பட்ட காயம் என்றே முதலில் நினைத்திருந்தார். 1981இல் இறந்தபோது அவருக்கு வயது 36.

பிறப்புறுப்பில், ஆசனவாயில் வருகிற மருவைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் பலர் அதற்கு விடை தேடித்தான் இப்படிப்பட்டதை வாசிப்பார்கள். மென்மையாக, ஈரலிப்பாக, கொத்துக் கொத்தாக வரும். பெரும்பாலும் எச்.பி.வி. 6, 11 என்ற வகைகள். இவை புற்றுநோய் உண்டாக்கும் வகைகள் அல்ல. கால் ஆணி மருந்தை அங்கே பூசாதீர்கள், வெந்துவிடும். அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இலவசமாகவும் இரகசியமாகவும் பார்ப்பார்கள். பாடசாலையில் ஆறாம் ஆண்டுப் பெண்பிள்ளைகளுக்கு 2017 முதல் போடப்படும் எச்.பி.வி. தடுப்பூசி கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரானது. அதைப் போட்டால் கை மரு வராது என்று எதிர்பார்க்க வேண்டாம், ஆனால் கட்டாயம் போடுங்கள்.

வைத்தியம் கேட்கவில்லை, ஆனாலும் சுருக்கமாக. பிள்ளைகளின் மருவில் மூன்றில் இரண்டு பங்கு இரண்டு வருடத்துக்குள் தானாகவே போய்விடும். எருக்கலம்பால், அம்மான் பச்சரிசிப் பால், சுண்ணாம்பும் சவர்க்காரமும், தலைமயிர் கட்டுவது, கோயிலுக்கு உப்பும் மிளகும் நேர்வது, எல்லாவற்றுக்கும் பெயர் வந்தது இதனால்தான். உப்பு மிளகால் ஒரு கெடுதியும் இல்லை. எருக்கலம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு, சுண்ணாம்பு தோலை எரித்துத் தழும்பு வைக்கும், ஊதுபத்தியால் சுடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காத்திருக்க மனமில்லை என்றால் சாலிசிலிக் அமிலம் கலந்த மருந்து போதும். இரவில் ஐந்து நிமிடம் இளஞ்சூட்டு நீரில் ஊற வைத்து, இறந்த தோலைக் கால் தேய்க்கும் கல்லால் தேய்த்து எடுத்து, மருவின் மேல் மட்டும் பூசுங்கள். மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் பலன். தேய்த்த கல்லை வேறொருவர் பாவிக்கக் கூடாது. முகத்துக்கும், சீனி வருத்தம் உள்ளவரின் காலுக்கும் இது வேண்டாம். உறைய வைக்கும் திரவ நைதரசன் வைத்தியமும் உண்டு. நம் தோலில் அது சில மாதத்துக்கு வெள்ளையாகவோ கறுப்பாகவோ அடையாளம் விடும், அதைத் தெரிந்துகொண்டு போங்கள். கணவரை முதலில் பெரியாஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவில் காட்டினால், தோல் வைத்தியருக்குத் துண்டு எழுதித் தருவார்கள்.

கடலில் குளிக்கத் தாராளமாக விடுங்கள், கடல் நீரில் மரு பரவுவதில்லை. பரவுவது ஈரத் தரையில், வெறுங்காலில்: கிணற்றடிச் சீமெந்து, பொதுக் குளியலறை, கன்னியா வெந்நீரூற்றுக் கிணறுகளைச் சுற்றியுள்ள நனைந்த தரை மாதிரியான இடங்கள். அங்கே றப்பர் செருப்புப் போடட்டும். கல்லுள்ள கடலில் இறங்கும்போதும் போடட்டும், அது முள்ளெலிக்காக. துவாயும் நகவெட்டியும் அவனுக்குத் தனியாக இருக்கட்டும்.